மூன்றாம் நாள் காசு

என் மூத்தாரின் முகத்தைவிட அவருடைய பாதங்கள்தான் எனக்கு நன்றாகத் தெரியும். மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். நீலசந்திராவில் ஒரே வீட்டில் நாற்பது வருஷத்துக்கு மேல் குடியிருந்தோம். முன்பக்கம் அவர்கள், பின்பக்கம் நாங்கள், நடுவில் ஒரு குழாயும் சிமெண்டுத் தொட்டியும். ஆனாலும் அவருக்கு மூக்கு நீளமா சப்பையா என்று யாராவது கேட்டால், நான் சுவரில் மாட்டியிருக்கும் போட்டோவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

புருஷனின் அண்ணனை நிமிர்ந்து பார்க்கக் கூடாது, அவர் எதிரில் உட்காரக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது, பெயரைச் சொல்லக் கூடாது. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது இதைச் சொல்லித்தான் அனுப்புவார்கள். தங்கவயல் ஸ்டேஷனில் என்னை ரயிலேற்றிய அம்மாவும் இதைத்தான் சொன்னாள். மற்ற பெண்கள் ஒரு பிள்ளை பெற்றதும் அந்த வழக்கத்தை மெல்ல விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை. மரியாதை மட்டும் காரணமில்லை. எனக்கு யாரிடமும் பேச வராது. பேசாமல் இருப்பதற்கு ஒரு வழக்கமே இருக்கிறது என்றால் அதைவிடச் சௌகரியம் என்ன? அவர் போய் இரண்டு வருஷமாகிறது. இப்போதும் அவர் பெயர் என் கையில் எழுத வரவில்லை.

அதனால் பாதங்கள். அகலமான பாதங்கள். வலது கால் கட்டைவிரலில் எப்போதோ ஐந்து கிலோ எடைக்கல் விழுந்து நகம் நடுவில் பிளந்திருந்தது. பிளந்தபடியே வளரும், பிளந்தபடியே வெட்டுவார். தராசு ரிப்பேர் அவருடைய வேலை. பேட்டையில் நகைக்கடை, பருப்பு மண்டி, பழைய இரும்புக் கடை என்று சுற்றுவார். தட்டு ஒரு பக்கம் இழுத்தால் சரிசெய்வார். வருஷா வருஷம் சர்க்கார் முத்திரைக்கு முன்னால் எல்லாக் கடைக்காரர்களும் அவரைத்தான் தேடுவார்கள்.

நகைக்கடைகளில் உருக்குவதற்காகப் பழைய வெள்ளியைக் குவித்து வைத்திருப்பார்கள். தராசைப் பார்த்துக்கொண்டே அந்தக் குவியலையும் ஒரு கண்ணால் பார்ப்பார். அங்கேதான் அவருக்குக் காசுப் பித்து பிடித்தது என்று அக்கா சொல்லுவாள். அக்கா என்பது அவர் சம்சாரம், என் ஓரகத்தி.

எல்லாக் காசும் அவருக்கு வேண்டாம். ரூபாயைச் சேர்க்கிறவர்களைக் கண்டால் அவருக்கு இளப்பம்.

"ரூபா நூறு வருஷம் அடிச்சான். எவன் வூட்லயும் கீது. நாலு வருஷம் அடிச்சிட்டு, இது சரிப்படலன்னு வுட்டான் பாரு, அந்தக் காச காட்டு" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லுவார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். மதராஸில் கும்பினிக்காரன் காலத்தில் கொஞ்ச நாள் மட்டும் புழங்கிய வெள்ளிக் காசுகள்தான் அவருக்கு உயிர். இரட்டைப் பணம், ஐந்து பணம், அரை வராகன் என்று பெயர் சொல்லுவார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போன காசுகள். அவற்றுக்காக ஒரு பலகையில் பச்சைத் துணி ஒட்டி, காசளவுக்கு வட்ட வட்டமாகக் குழி வெட்டி வைத்திருந்தார். அந்தப் பெட்டிக்குப் பூட்டு. அக்காகூடக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு ஆசை உள்ள மனுஷனின் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தை "பேடா". கன்னடத்தில் வேண்டாம் என்று அர்த்தம். கடைகளில் நாள் முழுக்கக் கன்னடம் பேசிப் பேசி அது மட்டும் வீட்டுக்கும் வந்துவிட்டது. இன்னொரு தோசை? பேடா. மழை வருது, குடை? பேடா. தீபாவளிக்கு சட்டைத் துணி? பேடா. கொண்டுபோய்க் கொடுத்தால் போட்டுக்கொள்வார். பிடித்திருக்கிறதா என்று மட்டும் தெரியாது. இருபது வருஷம் அந்த வீட்டுக்கும் சேர்த்துக் கீரை கடைந்திருக்கிறேன். அவருக்குக் கீரை பிடிக்குமா பிடிக்காதா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. சில நாள் கரண்டியைத் தொட்டியில் வீசிவிடலாமா என்று வரும்.

"அவருக்கு வாய் எதுக்கு கீதுன்னு நெனக்கிற? பேடான்னு சொல்றதுக்கு" என்பாள் அக்கா.

அது தொழிலில் கற்றது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தைக்கு என் வீட்டுக்காரர் என்னை அழைத்துப் போனார். ஸ்டவ் வாங்க. அங்கே தரையில் துணி விரித்துக் காசு விற்கும் ஒரு பாய் முன்னால் மூத்தார் குந்தியிருந்தார். நாங்கள் பின்னால் நின்றோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. நான் வழக்கம்போல் காலைப் பார்த்தேன்.

பெரிய ரூபாய் ஒன்றை எடுத்து, தட்டி, உரசி, விலை கேட்டார்.

"அசல் வெள்ளி சாப். நீங்க எடுக்கலன்னா உருக்கறவன் எடுத்துனு போவான்" என்றார் பாய்.

"போவட்டும்."

"ஏன் சாப் பேஜார் பண்றீங்க? ஒரு வெல சொல்லுங்க."

விலை சொன்னார். பாய் சிரித்தார். மறுபடி விலை. கால் மணி நேரம் அந்த ரூபாய்க்காகச் சண்டை. நடுவில் பொத்தான் அளவுக்கு ஒரு சின்னக் காசை ஒரே ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, குப்பையைப் போடுவதுபோல் போட்டார். அப்போதுதான் கவனித்தேன். வலது கட்டைவிரல் செருப்பின் முனையைத் தாண்டி மண்ணை அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்தி அழுத்திச் சின்னக் குழி விழுந்துவிட்டது. குரலில் ஒன்றும் இல்லை. "பேடா" என்று எழுந்து போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை அந்தச் சின்னக் காசு வீட்டுக்கு வந்தது. பாயின் சந்துக் கடைக்கே போய், அந்தப் பக்கம் வந்தேன் என்பதுபோல் நின்று, வேறு எதற்கோ விலை பேசி, கொசுறாக வாங்கி வந்திருக்கிறார்.

"மொத நாள் பாக்கணும், ரெண்டாம் நாள் மறக்கணும், மூணாம் நாள் கேக்கணும். அதான் அவரு சட்டம்" என்றாள் அக்கா. "ஆசைய மூஞ்சில காட்டினா வெல ஏறிடுமாம். என்னயும் அப்படித்தான் பண்ணாரு. பொண்ணு பாக்க வந்தாரு, பஜ்ஜி துன்னாரு, ஒண்ணும் சொல்லாம போயிட்டாரு. எங்கம்மா ஒரே அழுவ. மூணாம் நாள் பாத்தா, சைக்கிள்ல வந்து வாசல்ல நிக்கறாரு. நடுவுல எவனும் வந்து என்ன வாங்கினு போவல. அவரு அதிர்ஷ்டம்."

நான் சிரித்தேன். அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

என் மகள் பிறந்து பத்தாவது மாதம் நடந்தபோது அம்மா தங்கவயலிலிருந்து வந்தாள். பேத்திக்கு முதல் பிறந்தநாளுக்குள் வெள்ளிக் கொலுசு போட வேண்டும், அது பிறந்த வீட்டுச் சீர். கடையில் புதிதாக வாங்க அப்பாவின் சுரங்கக் கூலி இடம் கொடுக்கவில்லை. அதனால் வீட்டில் இருந்த பழைய வெள்ளியை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். அறுந்த மெட்டிகள், நெளிந்த ஒரு காப்பு, அப்புறம் கோபுரக் காசு.

அந்தக் காசு எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும். அம்மாவின் அம்மா குடியாத்தத்துப் பக்கம் இருந்து கொண்டுவந்தது. ஒரு பக்கம் கோபுரம், அதன் இரண்டு பக்கமும் நட்சத்திரங்கள். மறுபக்கம் ஒரு சாமி, சுற்றிலும் புள்ளிகள், ஓரத்தில் எழுத்துகள். அதில் தமிழும் இருந்தது. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். அந்த வயசில் கையில் கிடைத்த எதையும் எழுத்துக் கூட்டிப் பார்ப்பேன். காசில் முக்கால்வாசி தேய்ந்து, "கால்" என்பது மட்டும் நன்றாகப் படிக்க வரும்.

"உருக்கி பாப்பாவுக்கு கொலுசு பண்ணிக்குங்க. முத்து வெச்சு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா மறுநாளே ஊருக்குப் போய்விட்டாள்.

ஆசாரியிடம் கொடுப்பதற்கு முன்னால் எடை தெரிய வேண்டும். வீட்டிலேயே தராசுக்காரர் இருக்கும்போது வெளியில் எதற்குப் போக? என் வீட்டுக்காரர் முடிச்சை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். திரைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதில் மூத்தாரின் இரண்டு பாதங்கள், தராசுப் பெட்டியின் கால்கள்.

மெட்டிகளை நிறுத்தார். காப்பை நிறுத்தார். அப்புறம் காசு தட்டில் விழும் சத்தம் இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டது.

"இன்னாண்ணா? காசு எவ்ளோ?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒரு தோலாவுக்குக் கொஞ்சம் கம்மி."

"பழைய காசு மாரி கீதே. நீதான் சேக்கறியே, ஒனக்கு வேணுமா?"

"பேடா."

"நல்ல காசு இல்லியா?"

"தேஞ்ச காசு. கொழந்த சாமான்ல போயி கை வெப்பாங்களா? எடுத்துனு போ."

வலது கட்டைவிரல் சிமெண்டுத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பிளந்த நகம் வெளுத்துப் போகும் அளவுக்கு. தரை என்பதால் குழி விழவில்லை, அவ்வளவுதான்.

நான் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்பதும் எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அவர் காலைப் பார்த்தே குடித்தனம் செய்தவள் நான் ஒருத்திதான்.

சாயங்காலம் சோறு போடும்போது என் வீட்டுக்காரரிடம் மெல்லச் சொன்னேன். "உங்க அண்ணனுக்கு அந்தக் காசு மேல ஆசை போல கீது."

"அவரு வாயத் தொறந்து பேடான்னு சொல்லிட்டாரு. நீ கால் வெரல பாத்து ஜோசியம் சொல்றியா? ரசம் ஊத்து."

ஊற்றினேன். காலையில் குழாயடியில் அக்காவிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். போனால், தண்ணீர் வரவில்லை என்று அக்கா எதிர்வீட்டுக்காரியோடு பெரிய சண்டையில் இருந்தாள். குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இப்படிச் சொன்னால் சண்டைதான் காரணம் என்று ஆகிவிடும். உண்மையைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தடியாக, முத்து வைத்த கொலுசு. அது நடந்தால் தெருக்கோடி வரை கேட்கும். அந்தக் காசை எடுத்துவிட்டால் என் மகளின் கொலுசு நூல் மாதிரி ஆகிவிடும். அவர்தான் வேண்டாம் என்றாரே, நான் ஏன் வலியப் போய்ச் சொல்ல வேண்டும் என்று மனசின் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்தது.

அன்றைக்கே என் வீட்டுக்காரருக்கு ஷிப்டு மதியத்துக்கு மாறியதால் காலையில் அல்சூர் ஆசாரியிடம் போனோம். குழந்தையின் காலை அளக்க வேண்டும் என்று நானும் போனேன். ஆசாரி மெட்டிகளை உருக்கும் மூசையில் போட்டார். காப்பை வெட்டிப் போட்டார். காசை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"கோபுரமெல்லாம் கீதே. பழைய காசாச்சேம்மா, போட்டுடலாமா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். குழந்தை என் தாலிக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

காசு மேலாக மிதப்பதுபோல் கொஞ்ச நேரம் இருந்தது. கோபுரம் சிவந்தது. பிறகு ஓரம் வளைந்து, நெய்யில் வெல்லம் இறங்குவதுபோல் இறங்கிவிட்டது.

மறுநாள் மூன்றாம் நாள். மூத்தார் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வீட்டுக்கு வந்தார். நான் வராண்டாவில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், எழுந்து உள்ளே போய்விட்டேன். அவர் கையில் ஒரு காகிதப் பொட்டலம். அக்காவிடம் ஏதோ சொன்னார். அக்கா அங்கிருந்தே கத்தினாள்.

"ஏண்டி, அந்த கோபுரக் காசு எங்க கீது? அதுக்கு பதிலு அதே எடைக்கி சுத்த வெள்ளி குடுக்கறாராம். கூடவே கொஞ்சம் போட்டுத் தராராம். எடுத்துனு வா."

கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "நேத்தே உருக்கியாச்சுக்கா."

அக்கா பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன்.

"சரி" என்றார் அவர். அதே குரல். பாயிடம் விலை பேசிய அதே குரல். பொட்டலத்தை ஜன்னல்மேல் வைத்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு வந்து சோறு சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சாம்பார் என்று அக்கா கேட்டாள். பேடா.

அவர் வெளியே போனதும் அக்கா சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்து பலகையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"படி. நீதான் தமிழ் படிச்சவளாச்சே."

நடுக் குழியில் ஒரு பெரிய காசு. கோபுரம், நட்சத்திரங்கள். திருப்பினேன். சாமி, புள்ளிகள், எழுத்து. இது அவ்வளவாகத் தேயவில்லை. எழுத்துக் கூட்டினேன். "அரை" என்று இருந்தது, அப்புறம் "வராகன்" என்று வந்தது. அதன் பக்கத்தில் அதைவிடச் சின்னதாக ஒரு குழி, காலி. பச்சைத் துணி அந்த ஒரு இடத்தில் மட்டும் வெளுக்காமல் புதிதாக இருந்தது.

"அது கால் வராகனுக்காம். எங்களுக்குக் கண்ணாலம் ஆன வருஷம் வெட்டி வெச்சாரு. பெரியவனுக்கு இப்ப பதினாலு வயசு" என்றாள் அக்கா.

நான் அழுதேன். அக்கா என்னைத் திட்டவில்லை, அவரைத்தான் திட்டினாள். "கடைக்காரன்கிட்ட காட்டுற வித்தையெல்லாம் கூடப்பொறந்தவன்கிட்டயா காட்டுவாங்க? நம்ம வூட்ல எவன் வெல ஏத்தப் போறான்?"

எனக்கும் அதே கோபம்தான், இன்று வரை. ஒரு வார்த்தை. என் தம்பி பொண்டாட்டிகிட்ட சொல்லு, அந்தக் காசை எடுத்து வைக்கச் சொல்லு. அவ்வளவுதானே? வேண்டும் என்று தமிழில் சொல்ல வெட்கம் என்றால் அதையே பேக்கு என்று கன்னடத்தில் சொல்லியிருக்கலாம். எனக்குப் புரிந்திருக்கும். கால் வராகனுக்காகப் பதினைந்து வருஷம் பேட்டையைச் சுற்றிய மனுஷன், ஒரு திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் அது கிடக்கும்போது இரண்டு ராத்திரி தூங்கி எழுந்து, மூன்றாம் நாள் வந்து நிற்கிறார்.

கொலுசு தடியாகவே வந்தது. என் மகள் வராண்டாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடுவாள். ஜல் ஜல்லென்று அவர் பாதங்களுக்கு முன்னாலேயே ஓடுவாள். நான் கூப்பிட்டாலும் வர மாட்டாள். பெரியப்பா என்றால் அவளுக்கு அவ்வளவு இஷ்டம்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் கொலுசுக்கு மெருகு போடக் கொடுப்போம். திரும்பி வந்ததும் அவர் சுவரைப் பார்த்துச் சொல்லுவார். "கொலுச குடுக்கச் சொல்லு. ஆசாரி தட்டிட்டானா பாக்கறேன்." நிறுத்துப் பார்ப்பார். "சரியா கீது" என்று திருப்பிக் கொடுப்பார். மகளுக்குக் கால் பெரிதாகி, கொலுசு டிரங்குப் பெட்டிக்குள் போன பிறகும் ஒரு வருஷம் கேட்டார். அந்த வருஷம் மெருகே போடவில்லை. கொடுத்தனுப்பினேன். சரியா கீது என்று வந்தது.

அந்தக் குழியை அவர் வேறு காசு வைத்து நிரப்பவும் இல்லை. வேறொரு கால் வராகன் ஒருநாள் பாயிடம் வந்ததாம். போலி என்று ஒதுக்கிவிட்டார் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். உண்மையிலேயே போலியா, இல்லை மூன்றாம் நாள் போனபோது விற்றுவிட்டதா, யாருக்குத் தெரியும்? மதராஸ் மியூசியத்தில் இந்தக் காசெல்லாம் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்களாம், போய் வரலாமா என்று தம்பி கேட்டதற்கும் பேடாதான். கேட்காமலே டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்க வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் சொல்லவில்லை.

முதலில் என் வீட்டுக்காரர் போனார். மூன்று வருஷம் கழித்து அக்கா போனாள். எனக்கும் மூத்தாருக்கும் நடுவில் பேச ஆளே இல்லாமல் போனது. கடைசி வருஷம் மூத்தார் இடுப்பு எலும்பு உடைந்து படுத்துவிட்டார். அவர் மகனுக்கு பீன்யாவில் வேலை, மெட்ரோ பிடித்துக் காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருவான். பகலில் நான்தான். கஞ்சி டம்ளரை ஸ்டூலில் சத்தம் கேட்கும்படி வைப்பேன். அவர் சுவரிடம் பேடா என்பார். நான் உள்ளே போய்விடுவேன். அரை மணி கழித்து வந்து பார்த்தால் சில நாள் குடித்திருப்பார், சில நாள் ஈ மொய்த்துக் கிடக்கும்.

ஒருநாள் என் மகள் பார்க்க வந்தாள். அந்தக் காசுக் கதை அவளுக்கும் தெரியும். போனில் எதையோ தேடி என்னிடம் நீட்டினாள். கோபுரம், நட்சத்திரங்கள். என் அம்மாவின் முடிச்சிலிருந்து எடுத்ததுபோலவே.

"இதையாம்மா என் கால்ல மாட்டி ஓட வுட்டே?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கீழே விலை போட்டிருக்கிறது, படிக்கட்டுமா என்றாள். வேண்டாம், அணைத்துவிடு என்றேன்.

அவள் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கொலுசு கறுத்துப்போயிருந்தது. அதே மஞ்சள் துணியில் முடிந்து முன்பக்கம் எடுத்துப் போனேன். கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். போர்வை குட்டை, பாதங்கள் வெளியில் இருந்தன. இரண்டும் இளைத்துப் போயிருந்தன.

"மாமா" என்றேன்.

நாற்பது வருஷத்தில் முதல் தடவை. அவர் வாசல் பக்கம் திரும்பி, யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தார்.

"நான்தான் மாமா. பேசறது நான்தான்."

முடிச்சை உயர்த்திக் காட்டினேன்.

"அந்தக் காசு இதுக்குள்ளதான் கீது. உங்களுக்குத் தெரியும். இது உங்ககிட்டயே இருக்கட்டுமா?"

தெருவில் ஆட்டோ ஒன்று ரிவர்ஸ் எடுத்துப் போனது. அது போன பிறகுதான் பதில் வந்தது.

"பேடா."

நான் வழக்கம்போல் குனிந்துதான் இருந்தேன். வலது கட்டைவிரல் கட்டில் கம்பியை அழுத்திக்கொண்டிருந்தது. அந்தக் காலில் அவ்வளவு பலம் இன்னும் இருக்கிறது என்று டாக்டருக்குக்கூடத் தெரிந்திருக்காது.

இந்தத் தடவை நான் வாயை நம்பவில்லை. முடிச்சைப் பிரித்து, கொலுசு தெரியும்படி ஸ்டூலில் அவர் கைக்கு எட்டுமிடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

மறுநாள் கஞ்சி கொண்டுபோனேன். கொலுசு வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. ஒரு முத்துகூட அசையவில்லை. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒருவேளை நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று நினைத்தேன். அதற்கு அடுத்த நாள் போனபோது ஸ்டூலில் மஞ்சள் துணி மட்டும் நாலாக மடித்து வைத்திருந்தது. அவருடைய வலது கை தலையணைக்கு அடியில் இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் டம்ளரை டங்கென்று வைத்தேன். மூன்று நாளாம். எழுந்து உட்கார முடியாத மனுஷனுக்கு, கையில் கொண்டுவந்து கொடுத்த சாமானுக்கு, மூன்று நாளாம்.

"கஞ்சி மாமா" என்றேன்.

"பேடா."

குடித்து முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.